ஆர் என்னும் எழுத்து

தமிழ் பயிலும் மாணாக்கர் கிருமிகளைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு, இம்மலரைக் கையிலெடுக்கும் அன்பர்கள் நகைத்தல் கூடும். நகைப்பின் அது தகும். எழுத்தும் சொல்லும் பொருளும் ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட எமக்கு நுண்பெருக்கிக் கண்ணாடியின்முன் அமர்ந்து பழக்கமில்லை. ஆயினும், சென்ற டிசம்பர்த் திங்களில் ஒரே ஓர் எழுத்தின் பொருள் விளங்காமல் யாம் பட்ட பாடு சிறிதன்று. அவ்வெழுத்தை அறியப் போய்த்தான் இவ்விஷயம் முழுவதும் எம்மிடம் வந்து சேர்ந்தது. ஆதலின் பொறுத்தருள்க.

எம் தந்தையார் தையல் தொழிலினர். தேரிக்காட்டுச் செம்மணல் காற்றில் வந்து திண்ணையை மூடும் சிற்றூர் எம்முடையது. அங்கே கோயில் தெருவின் முனையில், நாலு முழ அகலமுள்ள ஒரு கடையில், காலால் மிதித்து ஓட்டும் பழைய பொறி ஒன்றை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுகளாகத் தைத்து வருகின்றார். மின்விசைப் பொறி வாங்குக என்று எத்தனை பேர் சொல்லினும் கேளார். துணியின் தடிப்புக்கு ஏற்ற வேகம் காலுக்குத் தெரியும், மின்விசைக்குத் தெரியாது என்பது அவர் கொள்கை. அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. அந்நோய் நாட்பட நாட்பட உள்ளங்கால் நரம்புகளை மரத்துப் போகச் செய்யும். முள் தைப்பினும் தெரியாது, சுடுமணலில் நடப்பினும் தெரியாது. காலுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பியிருந்தவருக்கு, கால் அறிவதை நிறுத்திவிட்ட செய்தி தெரியாமற் போயிற்று.

கார்த்திகை இறுதி. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கென்று ஊரார் கொடுத்த புதுத்துணிகள் கடையில் தோளளவு குவிந்துகிடந்தன. நாள்தோறும் இரவு பதினொரு மணிவரை பொறியின் ஓசை ஓயாது. மிதிகட்டையின் ஓரத்து இரும்புத்தகடு பெயர்ந்து நின்று வலக்காற் பெருவிரலின் அடியைக் கீறியது எந்நாள் என்பது அவருக்கே தெரியாது. சிறுமி ஒருத்தியின் வெள்ளைப் பாவாடைத்துணி கீழே விழுந்ததை எடுத்தபோது அதில் செந்நிறக் கறை இருக்கக் கண்டார். எவரோ வெற்றிலை எச்சிலோடு கடைக்குள் வந்தார் என்று எண்ணி, அவரைக் கடிந்துகொண்டே கறையைக் கழுவினாராம். தம் காலைக் குனிந்து நோக்கவில்லை. நான்கு நாட்களுக்குப் பின் வீட்டுத் தரையில் படிந்த காற்சுவட்டைக் கண்டு அன்னையாரே கூக்குரலிட்டார்.

ஈண்டு எம் குற்றம் ஒன்றையும் மறையாது கூறல் வேண்டும். எங்கள் இல்லத்தில் எவர்க்கேனும் தடுமன் பிடித்தாலும், தொண்டை கரகரத்தாலும், மருத்துவரிடம் செல்லும் வழக்கமில்லை. மருந்துக் கடையில் நோயைச் சொன்னால் மாத்திரை தருவர். பத்து வயது முதல் அக்கடைக்கு ஓடிப்போய் வாங்கி வருபவர் யாமே. அந்நாளும் அவ்வாறே ஓடினோம். ஐந்து மாத்திரைகள் தந்தனர். ஆன்டிபயாடிக் என்று அம்மாத்திரைகளுக்குப் பெயர் என்பதையும், தடுமனை உண்டாக்குவது வைரஸ் ஆதலின் அதன்மீது அவற்றிற்கு யாதொரு வலியும் இல்லை என்பதையும் பின்னரே அறிந்தோம். அவற்றை விழுங்குந்தோறும் உடம்பில் வாழும் பாக்டீரியாக்களுள் மெலியன மடிகின்றன. தாங்க வல்லன எஞ்சிப் பெருகுகின்றன. எம் தந்தையார் காலுக்கு வந்த கிருமி யாம் வாங்கிய மாத்திரையால் பழகியதோ, வேறெங்கோ பழகி வந்ததோ என்பதை எவராலும் பிரித்துக் கூற இயலாது என்று தோழர் ஒருவர் ஆறுதல் சொன்னார். அவ்வாறுதல் எமக்குப் போதவில்லை.

நகரத்து மருத்துவமனையிற் சேர்த்தபோது கால் கணுவரை வீங்கியிருந்தது. மருத்துவர் அழுகிய தசையை அகற்றிக் கட்டுப் போட்டார். இரண்டு நாள் கழித்துக் கட்டை அவிழ்த்த செவிலியார் அதனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். துணியில் பசுமையும் நீலமும் கலந்த ஒரு சாயம் ஊறியிருந்தது. திராட்சைப் பழத்தை நினைப்பூட்டும் ஒரு தித்திப்பு நாற்றமும் எழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. முகம் மட்டும் மாறிற்று. புண்ணிலிருந்து சிறிது எடுத்துச் சோதனைக்கு அனுப்பினர். மூன்றாம் நாள் ஒரு தாள் வந்தது.

அத்தாளில் பதினான்கு மருந்துகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டிருந்தன. அவற்றுள் பதின்மூன்றின் எதிரே 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்து நின்றது. தந்தையார் ஆங்கிலம் அறியார். எனினும் தையற்காரர் ஆதலின் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவது அவர் கண்ணுக்குத் தப்பாது. "இது என்ன ஐயா, ஒரே எழுத்து பித்தான் வைத்தாற்போல வரிசையாய் நிற்கிறது?" என்று எம்மை வினவினார். யாம் விழித்தோம். "தெரியவில்லை அப்பா, கேட்டுச் சொல்கிறேன்" என்றோம். கல்லூரிக்குப் பணம் கட்டிப் படிக்க வைத்த பிள்ளையிடம் அவர் கேட்ட கேள்வி அஃதொன்றே.

அன்றிரவு விடுதிக்குத் திரும்பும் பேருந்தில் அவ்வெழுத்தே கண்முன் நின்றது. செய்யுள் வழக்கில் 'யார்' என்பது 'ஆர்' எனவும் வரும். ஒவ்வொரு மருந்தும் வாயிலில் வந்து நிற்க, உள்ளிருக்கும் கிருமி 'ஆர்?' என்று அதட்டித் திருப்பி அனுப்பிவிடுவதாக ஒரு கற்பனை தோன்றிற்று. சொல்லோடு விளையாடும் பழக்கம் நன்னிலையில் இன்பம் தரும். அன்று எம்மை நாணச் செய்தது. ஆயினும், வியப்பு யாதெனில், அக்கற்பனை பெரும்பாலும் சரியென்று மறுநாள் தெரிந்தது.

எம் அறைத்தோழர் நுண்ணுயிரியல் பயில்பவர். நன்றாகப் பாடுவார், கடன் வாங்கிய நூலைத் திருப்பித் தரமாட்டார், மற்றபடி குறை காண்பதற்கில்லை. அவர் தாளை விளக்கின்கீழ் வைத்து நோக்கி, 'ஆர்' எனின் எதிர்த்து நிற்கிறது என்று பொருள். அம்மருந்து இக்கிருமியைக் கொல்லாது என்றார். கிருமியின் பெயர் சூடோமோனாஸ் ஏருஜினோசா. அப்பெயரின் பிற்பகுதி இலத்தீன் மொழியில் செம்பிற் பூக்கும் பச்சைக் களிம்பைக் குறிக்குமாம். கட்டுத்துணியிற் கண்ட சாயம் அக்கிருமி உமிழ்ந்ததே. நம் மொழியில் களிம்பு என்பது செம்பின் மாசுக்கும் பெயர், புண்ணுக்குப் பூசும் மருந்துக்கும் பெயர். இரண்டும் ஒரே காலின்மேல் ஒருங்கே கிடந்தன என்பதை எண்ணி யாம் சிறிது நேரம் வாளாவிருந்தோம்.

பின்னர்த் தோழர் எம் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார். புறப்பொருள் பயின்ற எமக்கு அப்பகுதியில் மட்டும் இடர்ப்பாடு இல்லை. நொச்சியார் மதில் காப்பது போன்றதே அது. கிருமியின் உடலுக்கு வெளியே இரண்டாவதாக ஒரு மேலுறை உண்டு. அதிலுள்ள வாயில்கள் குறுகியவை. வேண்டாதபோது சிலவற்றை அடைத்துவிடும். தப்பி உட்புகும் மருந்தை இறைத்து வெளியே தள்ளும் ஏற்றங்கள் பல உள. அவற்றிற்கும் தப்பியதைக் கத்தரித்து எறியும் நொதிகள் உள. இவையெல்லாம் போதாவென்று, பல்லாயிரம் கிருமிகள் ஒருங்கு கூடித் தம்மைச் சுற்றிக் கூழ் போன்றதொரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதனுள் வாழும்.

பதினான்காவது மருந்தின் பெயர் கொலிஸ்டின். அதன் எதிரே 'ஆர்' இல்லை. 'ஐ' என்னும் எழுத்து நின்றது. நம் ஓரெழுத்தொருமொழிகளுள் ஐ என்பது தலைவனையும் வியப்பையும் குறிக்கும் ஆதலின் எமக்கு ஒரு நம்பிக்கை உண்டாயிற்று. தோழர் அதனைத் தகர்த்தார். இடைப்பட்டது என்பதே அதன் பொருளாம். பரவலாக வழங்கும் அமெரிக்க அளவுநெறி, இக்கிருமிக்கு எதிரே கொலிஸ்டினுக்கு அதனினும் நல்ல எழுத்தை 2020 முதல் வழங்குவதேயில்லை. அது சிறுநீரகத்தை வருத்தும் மருந்து. அது காரணமாகவே 1970-களில் பெரும்பாலும் ஒதுக்கி வைக்கப்பட்டு, வேறு புகலில்லாக் காலத்தில் மீண்டும் அழைக்கப்பட்டது. அதனையும் எதிர்க்கும் மரபணு ஒன்று, ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வல்லதாக இருப்பது 2015-இல் சீன நாட்டிலிருந்து அறிவிக்கப்பட்டது. உணவுக்கு வளர்க்கும் கோழி முதலியவற்றிற்குக் கொலிஸ்டின் கொடுப்பதை நம் அரசினர் 2019-இல் தடை செய்தனர். மனிதருக்குக் கடைசிப் புகலாகிய மருந்து அதுவரையில் கோழி கொழுப்பதற்குச் செலவாகிக்கொண்டிருந்தது என்பதைக் கேட்டு எமக்குச் சினமே மூண்டது.

இம்மருந்தைச் செய்பவர் யார் என்று வினவினோம். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா என்றார் தோழர். இவ்விடத்திலேதான் எம் கவனம் முழுவதும் திரும்பிற்று.

உயிர்களின் உடம்பிலுள்ள புரதங்கள் யாவும் அமினோ அமிலம் என்னும் இருபது எழுத்துகளைக் கொண்டு எழுதப்பட்டவை. நெடுங்கணக்கு சிறிதே, எழுதிய நூல்களோ அளவில்லாதன. சில எழுத்துகளே கூடிய சிறு தொடருக்குப் பெப்டைடு என்று பெயர். கொலிஸ்டினும் அவ்வினத்ததே: பத்து அமினோ அமிலங்கள், அவற்றுள் ஏழு வளையமாய் வளைந்தவை, அதற்கு ஒரு கொழுப்பு வால். கிருமியின் புறத்தோல் எதிர்மின் தன்மை உடையது. இத்தகைய பெப்டைடுகளுள் பல நேர்மின் தன்மை உடையன. ஆதலின் இவை தோலில் சென்று ஒட்டி, அதனைக் குலைத்துத் துளைத்துவிடுகின்றன. உள்ளே நுழைந்து நெடுவழி சென்று வேலை செய்யும் மருந்துகளைப் போலல்லாமல், மதிலையே இடிப்பதனால் இவற்றை எதிர்த்துப் பழகுதல் கிருமிக்கு அத்துணை எளிதன்று. முடியாதது என்று கூறுவதற்குமில்லை. ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் தோலில் இத்தகையன இருத்தலை 1987-இல் மைக்கேல் சாஸ்லாஃப் என்பார் கண்டறிந்தார். அறுவை செய்த தவளைகளை அழுக்குநீரில் விட்டும் அவற்றின் புண் சீழ்பிடியாமையே அவர்க்கு ஐயத்தை எழுப்பியதாம். நம் தோலிலும் குடலிலும் இவை உள்ளன.

பாக்டீரியாக்களும் ஒன்றையொன்று கொல்வதற்கு இத்தகைய படைக்கலங்களைச் செய்கின்றன. பெல்ஜிய நாட்டு ஆந்திரே கிராட்சியா 1925-இல் இதனைக் கண்டார். எஷரிக்கியா கோலி என்னும் குடல்வாழ் பாக்டீரியாவின் ஒரு குடி மற்றொரு குடியைக் கொன்றது. அதற்கும் எட்டாண்டு முன்பு, உலகப்போர் நடுவே, ஆல்பிரட் நிஸ்லே என்னும் ஜெர்மானிய மருத்துவர், உடனிருந்தோர் வயிற்றுக்கடுப்பால் வீழவும் தான் நோயுறாதிருந்த போர்வீரன் ஒருவனுடைய குடலிலிருந்து ஒரு கோலி குடியைப் பிரித்தெடுத்தார். நிஸ்லே 1917 என்னும் பெயரால் அக்குடி இன்றளவும் வாழ்கிறது, தீங்கில்லாதது, மருந்தாகவும் விற்கப்படுகிறது. மைக்ரோசின் என்னும் சிறு படைக்கலங்கள் அதற்கு இயல்பாகவே உண்டு. அவ்வீரனுடைய பெயர் என்னவோ. அவன் வயிற்றிலிருந்த கிருமிக்கு மட்டும் புகழ் வாய்த்தது.

நிற்க. இயற்கையில் உள்ள பாக்டீரியா செய்வது ஒருபுறமிருக்க, நாம் விரும்பும் பெப்டைடை நாம் விரும்பும் பாக்டீரியாவைக் கொண்டு செய்விக்கலாமோ எனின், செய்விக்கலாம். அதற்குச் சான்று எம் வீட்டிலேயே இருந்தது. இன்சுலின் என்பது ஐம்பத்தோர் அமினோ அமிலங்களால் ஆகியது. மனித இன்சுலினுக்குரிய மரபணு வாசகத்தை 1978-இல் கோலி பாக்டீரியாவினுள் எழுதி வைத்தனர். அது தனக்கு யாதொரு பயனும் இல்லாத அப்பொருளைச் செய்து கொடுத்தது. 1982-இல் அமெரிக்காவில் மருந்தாக விற்பனைக்கு வந்தது. இன்று மனித இன்சுலினைச் செய்பவை இவ்வாறு வாசகம் புகுத்தப்பட்ட கோலியும் ஈஸ்டுமே. எம் தந்தையார் நாள்தோறும் காலையில் ஊசியால் ஏற்றிக்கொள்வது அதுவே. தெருமுனையில் அமர்ந்து ஊரார்க்குத் தைக்கும் அவர்க்காக, கண்ணுக்குத் தெரியாத தொழிலாளர் எங்கோ ஒரு கொப்பரையில் உழைத்துக்கொண்டிருந்தனர்.

ஆனால் கிருமியைக் கொல்லும் பெப்டைடைச் செய்யச் சொல்வதில் ஓர் இடர் உண்டு. செய்யும் உயிரணுவும் பாக்டீரியாவே அன்றோ? தான் வடித்த வாளாலே தான் மடியும். இதற்கு இருவகை உபாயம் கூறினார் தோழர். ஒன்று, பெப்டைடைத் தனியே விடாமல் ஒரு பெரிய புரதத்தோடு சேர்த்து எழுதுதல். உறையிலிட்ட வாள்போல அது அணுவினுள் தீங்கின்றிக் கிடக்கும். பின்னர் அணுக்களை உடைத்து, உறையை நொதியால் வெட்டி நீக்கி, வாளை மட்டும் எடுத்துக்கொள்வர். மற்றொன்று இயற்கையே கையாளும் வழி. நச்சுப் பொருளைச் செய்யும் மரபணுவுக்குப் பக்கத்திலேயே அந்நஞ்சைத் தடுக்கும் புரதத்தின் மரபணுவும் இருக்கும். இரண்டையும் சேர்த்தே புகுத்திவிடுவர். நஞ்சையும் முறியையும் ஒரே பேழையில் வைத்த அவ்வமைப்பை எண்ணி யாம் நெடுநேரம் உறங்கவில்லை.

மறுநாள் தோழர் மற்றொரு செய்தி கொண்டு வந்தார். எம் தந்தையார் காலைப் பற்றிய அதே சூடோமோனாஸ் கிருமிக்கு எதிராகச் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ சாங், போ சுவே லூ முதலியோர் ஒரு கோலி பாக்டீரியாவை மாற்றியமைத்து, 2011-இல் வெளியிட்டிருந்தனர். அதனை யாம் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுதும் படித்தோம். ஆங்கிலத்தை அவர் விளக்க, எமக்குத் தோன்றிய உவமைகளை யாம் கூற, அவற்றுட் பாதியைப் பிழையென்று அவர் அடிக்க, ஒருவாறு விளங்கிற்று.

சூடோமோனாஸ் கிருமிகள் தமக்குள் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் ஒருவகைச் சிறு பொருளைச் சிறிது சிறிதாக வெளியிடும். கூட்டம் சிறிதாயின் அது நீரிற் கரைந்து பயனற்றுப் போகும். கூட்டம் பெருகியபின் அப்பொருளும் செறியும். அச்செறிவைக் கொண்டு, நாம் பலர் ஆயினோம் என்பதைக் கிருமிகள் உணர்ந்து, அதன்பின்னரே நஞ்சு உமிழ்தலையும் கூழ்மதில் கட்டுதலையும் மும்முரமாக்குகின்றன. சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர் இப்பேச்சை ஒற்றுக் கேட்கும் செவியைக் கோலி பாக்டீரியாவுக்கு அளித்தனர். அச்செவியும் பகைவனிடமிருந்தே எடுத்தது. சூடோமோனாஸ் தன் இனத்தின் குறிப்பை உணரப் பயன்படுத்தும் லாஸ்-ஆர் என்னும் புரதம் அது. (ஈண்டும் ஓர் 'ஆர்' வந்து நின்றமையைத் தோழரிடம் சுட்டினோம். அவர் நகைக்கவில்லை.) செவி கேட்டதும் வேலையைத் தொடங்கி வைக்கும் விசை, கடலில் ஒளி உமிழும் ஒரு பாக்டீரியாவினுடையது. படைக்கலமோ பயோசின் எஸ்5; சூடோமோனாஸ் குடிகள் தம்முட் பகைத்துக்கொள்ளும்போது ஒன்றின்மேல் ஒன்று எறிவது. பகைக்கிருமி இரும்புச்சத்தை உட்கொள்ளும் வாயில் வழியாகவே புகுந்து, அதன் உட்தோலைத் துளைத்துவிடும். பெப்டைடு என்னும் சிறு தொடரினும் இது நீண்டது, புரதமே என்று தோழர் திருத்தச் சொன்னதால் இதனையும் எழுதினோம்.

படைக்கலத்தைச் செய்தாயிற்று, அதனை வெளியே எறிவது எங்ஙனம்? கோலியின் உடல்வழியே அது வெளியேற வழியில்லை. ஆதலின் ஆராய்ச்சியாளர் மூன்றாவதாக ஒரு வாசகத்தையும் எழுதினர். பகைவன் பேச்சைச் செவி கேட்டதும், படைக்கலம் பெருகப் பெருகவே, தன் உறையைத் தானே உடைக்கும் ஒரு புரதமும் பெருகும். முடிவில் அவ்வணு வெடிக்கும். வெடித்த உடலிலிருந்து பயோசின் சிதறிச் சென்று சுற்றியுள்ள பகையைக் கொல்லும். இதனால் தனித்துத் திரியும் சூடோமோனாஸ் கிருமிகளின் வளர்ச்சி 99 விழுக்காடும், கூழ்மதில் கட்டுதல் 90 விழுக்காட்டளவும் குறைந்தன. ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவனார் இத்தகைய ஒற்றனைக் கண்டிரார் என்றோம். வெடித்தபின் ஒற்றன் ஏது என்றார் தோழர்.

இச்செய்தியைக் கேட்டு எமக்கு உண்டான ஆசையை இங்கே மறைப்பதற்கில்லை. இதனை வாங்கி வந்து எம் தந்தையார் காலில் வார்த்துவிடலாகாதா என்றே வினவினோம். தோழர் எம்மை நோக்கிய பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அந்த வெற்றி கண்ணாடிக் கலத்திற் கண்ட வெற்றி என்றார். 2017-இல் அக்குழுவினர் ஆராய்ச்சிசாலைக் கோலியை விடுத்து, போர்வீரன் வயிற்றிலிருந்து வந்த நிஸ்லே 1917-ஐயே எடுத்து, அதற்கு அதே செவியும் படையும் தந்து, கூழ்மதிலைக் கரைக்கும் நொதி ஒன்றையும் கூட்டினர். புழுக்களின் குடலிலும் எலிகளின் குடலிலும் சோதித்தனர். நோய் வருமுன் கொடுத்தபோது நன்கு காத்தது. வந்தபின் கொடுத்தபோது அத்துணைப் பயன் இல்லை. இவையெல்லாம் குடலுக்கு உரியன. மாந்தர் காற்புண்ணுக்கு என்று ஒன்றும் மருந்துக்கடைக்கு வந்ததில்லை.

உயிருள்ள மருந்து என்பதால் வரும் அச்சமும் தனி. மாத்திரை கரைந்து போகும்; இதுவோ பெருகும். புதிதாக எழுதிய வாசகம் ஓலைச்சுருள் போன்றதொரு வளையத்தில் அணுவினுள் வைக்கப்படுகிறது. சுமை என்று கருதி அணு அதனை எறிந்துவிடுதலும் உண்டு. அயற்கிருமி எடுத்துக்கொள்ளுதலும் உண்டு. எறியாமற் காப்பதற்கு, மருந்தை எதிர்க்கும் மரபணு ஒன்றை அவ்வோலையிற் சேர்ப்பது ஆராய்ச்சிசாலை வழக்கம். 'ஆர்' என்னும் எழுத்தை ஒழிக்கப் புறப்பட்டவன் தன் மடியிலே அதனைக் கட்டிக்கொண்டு போவது போலாம் அது. 2017-ஆம் ஆண்டு வேலையில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டனர். தன் சுவரைக் கட்டுதற்கு இன்றியமையாத ஒரு பொருளைச் செய்யும் வலியை நிஸ்லேயின் உடலிலிருந்து நீக்கி, அவ்வலியை ஓலையில் மட்டும் எழுதினர். ஓலையை எறிந்த அணு சுவரின்றி மடியும். இதனைப் படித்தபோது, இதுவரை எமக்கு அயலாகத் தோன்றிய இவ்வாராய்ச்சியாளர்மேல் எமக்கு ஒரு பெருமதிப்பு உண்டாயிற்று. உரையாசிரியர் ஒருவர் பாடம் சிதையாதிருக்க எடுத்துக்கொள்ளும் கவலைக்கு அஃது ஒப்பாயிருந்தது.

சூடோமோனாஸுக்கு மட்டும் அன்று. சால்மொனெல்லா என்னும் கிருமி குடலை அழற்சியுறச் செய்து, அங்கே தோன்றும் டெட்ராதயனேட் என்னும் பொருளைக் கொண்டு மூச்சுவிடும். அப்பொருளின் மணத்தை உணர்ந்தவுடன் மைக்ரோசின் எச்47 என்னும் பெப்டைடைச் செய்யுமாறு நிஸ்லேயை வேறு சிலர் 2018-இல் அமைத்தனர். பகைவன் மூச்சு வந்த திசையில் அம்பு எய்வது அது. இங்ஙனம் பலரும் பலவாறு முயல்கின்றனர். எங்கும் படரும் ஆன்டிபயாடிக் நல்ல பாக்டீரியாவையும் தீயதையும் ஒருங்கே அழிக்கும். இவ்வகைப் படைக்கலங்களுட் பல தமக்குரிய பகையை மட்டுமே தேர்ந்து கொல்லும். களை பறிப்பதற்கு வயலையே கொளுத்தும் வழக்கம் மாறுமாயின் நன்றே.

தந்தையாருக்குக் கொலிஸ்டினையே ஏற்றினர். வேறு வழியில்லை. சிறுநீரகம் தாங்குகிறதா என்று நாள்தோறும் குருதி எடுத்துச் சோதித்தனர். அந்நாட்களில் மருத்துவமனை நடையில் ஆய்வுத்தாளை எதிர்நோக்கி நிற்கும் ஒவ்வொரு காலையும், எழுத்தைக் காட்டிலும் எண்ணுக்கு அஞ்ச வேண்டும் என்பதை யாம் கற்றோம். பெருவிரலையும் அதற்கு அடுத்ததையும் அகற்றினர், கால் நின்றது. கிறிஸ்துமஸ் நாளன்று அவர் கட்டிலிலேயே இருந்தார். கடையில் குவிந்திருந்த துணிகளை அன்னையாரும் அயலூர்த் தையற்காரர் ஒருவரும் இரவு பகலாய் இருந்து முடித்துக் கொடுத்தனர். கறைபட்ட வெள்ளைப் பாவாடையும் சிறுமிக்கு உரிய நாளிற் போய்ச் சேர்ந்தது.

பொங்கல் விடுமுறையில் ஊர் சென்றபோது அவர் கடையில் இருந்தார். மிதிகட்டையின் தகட்டை மாற்றி, அதன்மேல் பழைய மோட்டார் சக்கரத்து ரப்பரைத் தைத்து வைத்திருந்தார். எழுத்தின் பொருளைக் கேட்டுச் சொல்வதாக யாம் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தமையால், எல்லாவற்றையும் சொன்னோம்: 'ஆர்' என்பதையும், மருந்துக் கடையிலிருந்து யாம் வாங்கி வந்த மாத்திரைகளையும், ஒற்றுக் கேட்கும் கிருமியையும், அது வெடித்துப் பகையைக் கொல்வதையும். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். மாத்திரையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நெடுநேரங் கழித்து,

"வெடிக்கும்போது அதற்கு நோகுமா ஐயா?" என்றார்.

அதற்கு நரம்பில்லை அப்பா, நோவு தெரியாது என்றோம்.

"என் காலைப் போல" என்று சொல்லி, துணியை ஊசியின்கீழ் வைத்தார். பின்பு, கால் மிதிகட்டையின்மேல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு, பொறியை ஓட்டத் தொடங்கினார்.